அப்பாவுக்கு எதிரான சாட்சி

ஆளுநர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது என் கணவர் தொமாஸ் கூரைமேல் இருந்தார். புயல் வருகிறது என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தளர்ந்துபோன ஒரு தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவரை முற்றத்தில் நின்று கூப்பிட்டேன்.

"கவர்னர் ஆபீஸ்லேர்ந்து பேசறாங்க!"

"அப்புறம் பேசச் சொல்லு. வாயில ஆணி இருக்கு."

நான் அதை அப்படியே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் சிரித்தாள். அவள் அம்மாவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் குவாம் தீவில் யாரிடம் பேசினாலும் கடைசியில் இப்படி ஏதாவது ஓர் உறவில் போய்த்தான் நிற்கும்.

விஷயம் இதுதான். நிலத்தடி நீர் ஆணையத்தில் ஓர் உறுப்பினர் இடம் காலியாக இருந்தது. அதற்கு என் கணவர் தொமாஸ் கினேனேயின் பெயரை ஆளுநர் சொல்லியிருந்தார். தண்ணீர்த் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தீவின் வடக்கில் உள்ள ஒவ்வொரு கிணற்றின் ஆழமும் அறிந்தவர் என்று பத்திரிகையில் போட்டார்கள். ஆளுநர் பெயர் சொன்னால் மட்டும் போதாது. செனட் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து ஆதரித்தோ எதிர்த்தோ பேசலாம். எல்லாம் தொலைக்காட்சியில் நேரலையாக வரும். அதன் பிறகு சபையில் வாக்கெடுப்பு.

என் நாத்தனார் ரித்தா அன்று மாலைக்குள் தீவில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்துவிட்டாள். தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு மூச்சு முட்டாது. யார் யார் வந்து ஆதரித்துப் பேச வேண்டும், யார் என்ன நிறத்தில் உடுத்த வேண்டும், அன்றைக்கு எத்தனை சட்டி சிவப்புச் சோறு என்று எல்லாவற்றையும் அவளே முடிவு செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எங்கள் மகள் பிலார் வந்தாள். அவள் வடக்கே விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் ரே போர்ஹா, தர்பூசணியும் கத்தரியும் போடுகிறவன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டே அங்குள்ள விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருக்கிறாள். ஒரு பை நிறையக் கத்தரிக்காயை என் கையில் கொடுத்துவிட்டு, தட்டு எடுக்காமலேயே அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க விசாரணைல பேச நானும் பேர் குடுத்திருக்கேன்."

ரித்தா கையைத் தட்டினாள். "அப்படிச் சொல்லுடி என் தங்கமே! பெத்த பொண்ணே வந்து பேசறப்ப எவன் எதிர்க்கப் போறான்?"

"நான்தான் அத்தை எதிர்க்கறேன்."

மேசையில் இருந்த எல்லோர் கையும் நின்றுவிட்டது. ரித்தாவின் சின்ன மகன் மட்டும் கோழியைக் கடித்துக்கொண்டே இருந்தான். அவன் முதுகில் அவள் ஒன்று வைத்தாள், என்னவோ அவன்தான் எதிர்க்கப்போவதுபோல.

தொமாஸ் மெதுவாகக் கேட்டார். "அந்த வறட்சி விஷயமா?"

"ஆமாப்பா."

அவ்வளவுதான் கேட்டார். எனக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய வறட்சி. கடற்கரை விடுதி ஒன்றின் புல்தரைக்காக வடக்கில் இரண்டு புதுக் கிணறுகளிலிருந்து இராப்பகலாகத் தண்ணீர் இறைத்தார்கள். பக்கத்து நிலங்களின் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. விவசாயிகள் சத்தம் போட்டபோது துறை ஒரு கூட்டம் கூட்டியது. அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொன்னவர் தொமாஸ். அடுத்த வருடம் போர்ஹா குடும்பத்தின் பப்பாளி மரங்கள் ஒவ்வொன்றாகக் கருகின. அப்போது பிலாருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ரேயை இன்னும் பார்த்திருக்கவே இல்லை.

"சங்கத்துல வேற ஆளே இல்லையா?" என்றார் தொமாஸ்.

"இருக்காங்க. உங்க மேல இருக்கிற மரியாதைல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. மகள்னா தைரியமா பேசலாம்னு என் தலைல கட்டிட்டாங்க."

அதைக் கேட்டு அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்கே பிடிபடவில்லை. எழுந்து, அடுப்பில் கிடந்த இறைச்சியைத் திருப்பிப்போட வெளியே போய்விட்டார்.

ரித்தா விடவில்லை. "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஊரே டீவில பாக்கும்! பெத்தவனைப் பத்திப் பொண்ணு மேடை ஏறிக் குத்தம் சொன்னான்னு இந்தத் தீவுல எங்கயாவது உண்டா? வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு அத்தை. அதனாலதான் முன்னாடியே வந்து சொல்றேன்."

அன்றிலிருந்து விசாரணை நாள்வரை எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. தொமாஸ் தன் அறிக்கையைக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று படித்துப் பார்ப்பார். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார். ரித்தா காலையும் மாலையும் கூப்பிட்டாள். "நீ பெத்தவதானே, நீ நிறுத்து," என்பாள்.

நான் பிலாரைக் கூப்பிட்டேன். நிறுத்தச் சொல்ல அல்ல. எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"உனக்கு அப்பா மேல என்னடி கோபம்?"

"கோபம் இருந்தா வீட்ல வந்து கத்திட்டுப் போயிருப்பேன்மா. அங்க எதுக்குப் போகணும்?"

"அப்புறம்?"

"அந்த நாற்காலில யார் உக்காந்தாலும் அவங்க கிட்ட இதக் கேட்டிருப்பேன். இப்ப உக்காரப் போறவர் எங்கப்பாவா இருக்கார். கேக்காம விட்டா, நான் அடுத்தவங்களை எந்த முகத்தோட கேப்பேன்?"

சாயங்காலம் தோட்டத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த தொமாஸிடம் போய் நின்றேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ நின்னுடுவா."

"தெரியும். அதனாலதான் சொல்லல," என்றார்.

விசாரணை அன்று தலைநகர் ஹகாட்ஞாவில் சபைக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. கூட்டத்தில் பாதி எங்கள் சொந்தம். மறுபக்கம் வடக்கிலிருந்து வந்திருந்த விவசாயிகள், வெயிலில் கறுத்த கழுத்தும் இஸ்திரி போட்ட சட்டையுமாக. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர்களில் பலர் தொமாஸின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய் எதிர்ப்புப் பக்கம் உட்கார்ந்தார்கள்.

ரித்தா எனக்காக முன்வரிசையில் தொமாஸுக்கு நேர் பின்னால் இடம் போட்டு வைத்திருந்தாள். நான் அங்கே உட்காரவில்லை. ஓரமாக, சாட்சிகள் பேசும் மேசையும் தெரிகிற, தொமாஸின் முகமும் தெரிகிற ஓர் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ரித்தா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அறையின் கண்ணாடிக் கதவே விரிசல் விட்டிருக்க வேண்டும்.

குழுவின் தலைவர் செனட்டர் ஜோசஃபினா மஃப்னாஸ். குட்டையான பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் எல்லோரையும் பார்ப்பார். வழக்கம்போல முதலில் செனட்டர்கள் தங்கள் உறவைப் பதிவு செய்தார்கள். ஒருவருக்குத் தொமாஸ் ஞானத்தகப்பன். இன்னொருவரின் அண்ணி ரித்தாவின் சம்பந்தி. மஃப்னாஸே தன் முறை வந்தபோது, "நியமிக்கப்பட்டவரோட மனைவி எனக்கு ரெண்டாவது பெரியம்மா மகள். அவங்க எலுமிச்சை பிழிஞ்சு செய்யற கோழி கெலாகென் மேல எனக்கு உள்ள பாசம் இன்னிக்குத் தீர்ப்பைப் பாதிக்காது," என்றார். அறை சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

செனட்டர் எடுவார்டோ நௌட்டா தன் உறவைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இவர் என் நண்பர். பள்ளிக்கூடத்துல ஒரே பேஸ்பால் அணி. இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல." அவர் ஆதரவு உறுதி என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கையில் இன்னும் இரண்டு மூன்று வாக்குகள் இருந்தன என்பதும்.

தொமாஸ் தன் அறிக்கையைப் படித்தார். நன்றாகவே படித்தார். பிறகு ஆதரவாளர்கள் வந்தார்கள். பழைய சகாக்கள், பங்குத்தந்தை, கடைசியில் ரித்தா. அவள் தொமாஸ் குழந்தையாக இருந்தபோது எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பான் என்பதில் தொடங்கினாள். மஃப்னாஸ் மணியைத் தட்டியும் நிறுத்தவில்லை. இரண்டாவது முறை தட்டியபோது மணியைப் பார்த்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றாள்.

"அடுத்து, எதிர்ப்பு தெரிவிக்கிறவங்க. பிலார் கினேனே போர்ஹா."

பிலார் எழுந்து வந்தாள். சாட்சி மேசைக்கு நேராகப் போகவில்லை. அப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள். குனிந்து, அவர் வலக்கையை இரு கையாலும் எடுத்து, மூக்கோடு சேர்த்து முகர்ந்தாள். "ஞொட், அப்பா," என்றாள். நாங்கள் பெரியவர்களைப் பார்த்தால் மரியாதைக்குச் செய்வதும் சொல்வதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். தொமாஸ் இடது கையால் அவள் தலையைத் தொட்டார். பிறகு அவள் போய் எதிர்ப்புக்கான நாற்காலியில் உட்கார்ந்து ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

"என் பேர் பிலார். நான் இவரோட மகள். வடக்கு விவசாயிகள் சங்கத்துக்காகப் பேசறேன். இந்த நியமனத்தை எதிர்க்கறேன்."

அவள் தாளைப் பார்க்கவில்லை.

"எங்கப்பா யார்கிட்டயும் கை நீட்டி எதுவும் வாங்கினவர் இல்ல. அதை யாராவது இங்க சொன்னா நானே எழுந்து மறுப்பேன். தண்ணியைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. ஆனா வறட்சி வருஷத்துல அவர் எங்க ஊர் மண்டபத்துல நின்னு, தண்ணி நல்லாருக்குன்னு சொன்னார். அந்த மண்டபத்துல இருந்தவங்க அவரை நம்பினாங்க. நம்பி நட்டாங்க. நட்டதெல்லாம் கருகிப் போச்சு. எங்க நிலத்துக்கு அடியில நல்ல தண்ணி கடல் தண்ணி மேலதான் மிதக்குது. அளவுக்கு மேல இறைச்சா உப்பு மேல வரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரே அவர்தான். அப்ப அந்த மண்டபத்துல அது அவருக்குத் தெரியாம இருந்திருக்காது. மேல இருந்தவங்க அமைதியா இருன்னு சொல்லியிருப்பாங்க. அமைதியா இருந்திருப்பார். எங்கப்பா நல்ல மனுஷன். ஆனா அந்த ஆணையத்துக்கு நல்ல மனுஷன் மட்டும் போதாது, செனட்டர்ஸ். மேல இருக்கிறவங்க முகத்தப் பாத்து இல்லன்னு சொல்ற ஆள் வேணும். அவர் அப்படிச் சொல்லி நான் பாத்ததில்ல. அவ்வளவுதான்."

மணி அடிக்கத் தேவையே இருக்கவில்லை. விவசாயிகள் பக்கம் யாரும் கைதட்டவில்லை. ஒரு கிழவர் தொப்பியை மடியில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். நான் தொமாஸைப் பார்த்தேன். அவர் காதுமடல் சிவந்திருந்தது. கண்ணை மட்டும் அவளிடமிருந்து எடுக்கவில்லை.

செனட்டர் நௌட்டா ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். நண்பனைக் காப்பாற்றும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தார்போல. குரலில் தேன் ஊறியது.

"பிலார், உன்னை எனக்குக் குழந்தையிலேர்ந்து தெரியும். உன் கல்யாணத்துல பன்னி சுட்டது யாரு?"

"அப்பா."

"உன்னைக் காலேஜ்ல படிக்க வெச்சது?"

"அப்பாவும் அம்மாவும்."

"அப்புறம் என்னம்மா?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, செனட்டர். கிணத்துல உப்பு."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். நௌட்டாவின் தேன் அங்கேயே வற்றியது.

"இது வீட்டுச் சண்டை. இதைக் கொண்டாந்து இங்க கொட்டறே. புருஷன் வீட்ல சொல்லிக்குடுத்து அனுப்பிச்சாங்களா? நீ உன் மாமியார் வீட்டு நிலத்துக்காகப் பெத்த அப்பனையே விக்கறேன்னு ஊர் பேசாதா? எங்க தலைமுறைல பொண்ணுங்களை இப்படி வளக்கல. இப்படிப் பேச உனக்கு யாரு..."

பிலாரின் முகம் வெளுத்தது. அவள் வாய் திறந்து மூடியது. என் கால்கள் தாமாக எழுந்துவிட்டன. நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குள் தொமாஸின் ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"செனட்டர், நிறுத்துங்க."

மஃப்னாஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மிஸ்டர் கினேனே, உங்க முறை இன்னும் வரல."

"தெரியுது மேடம். மன்னிக்கணும். ஆனா நான் பேசித்தான் ஆகணும்."

எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. கத்தவில்லை. ஆனால் அறையின் கடைசி வரிசைவரை கேட்டது.

"மிஸஸ் போர்ஹா இங்க சாட்சி சொல்ல வந்திருக்காங்க. இது சட்டம் அவங்களுக்குக் குடுத்த நாற்காலி. அவங்களைத் தண்ணியைப் பத்திக் கேளுங்க. அவங்க புருஷனைப் பத்தியோ, மாமியாரைப் பத்தியோ, யார் பன்னி சுட்டாங்கறதைப் பத்தியோ கேக்க உங்களுக்கு உரிமை இல்ல. அவங்க கேட்டது எங்கிட்ட. பதில் சொல்ல வேண்டியவன் நான்."

"தொமாஸ்," நௌட்டா ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார், பொத்தியும் எல்லோருக்கும் கேட்டது, "உனக்காகத்தானேடா பேசறேன்."

"எனக்காக வேணாம், எடுவார்டோ. அவங்க கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லேன்னா உன் ஓட்டை நீயே வெச்சுக்கோ."

ஒரு செனட்டரை, அதுவும் தனக்கு வேண்டிய வாக்குகளைக் கையில் வைத்திருக்கும் செனட்டரை, நேரலையில் அப்படிச் சொன்னார் என் கணவர். அவரை அமைதிக்காரர் என்று குற்றம் சாட்டியவள் எதிரே உட்கார்ந்திருக்க, அவளுக்காகவே சொன்னார். நான் நின்றபடியே இருந்தேன். ரித்தா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "உக்காரு, உக்காரு, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது," என்றாள். அவள் எப்போது முன்வரிசையிலிருந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்று தெரியாது. அவள் கன்னம் நனைந்திருந்தது.

நௌட்டா மன்னிப்புக் கேட்கவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மஃப்னாஸ் பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "இந்தக் குழு சார்பா நான் மன்னிப்புக் கேக்கறேன், மிஸஸ் போர்ஹா. மிஸ்டர் கினேனே, பதில் சொல்ல வேண்டியவன் நான்னு சொன்னீங்க. சொல்லுங்க."

தொமாஸ் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமலே வைத்தார்.

"அவங்க சொன்னது உண்மை. உப்பு ஏறுதுன்னு எனக்குத் தெரியும். இறைக்கறதக் குறைக்கணும்னு மேல எழுதிக் குடுத்தேன். வேணாம்னாங்க. மண்டபத்துக்குப் போய் நல்லாருக்குன்னு சொல்லச் சொன்னாங்க. போய்ச் சொன்னேன். யாரும் என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகல, நானேதான் போனேன். அந்த மண்டபத்துல இருந்தவங்க நிறைய பேர் இன்னிக்கு இங்க உக்காந்திருக்காங்க." அவர் திரும்பி விவசாயிகளைப் பார்த்தார். "உங்க கிட்ட இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். வேலை போனாலும் சொல்லியிருக்கணும்."

தொப்பியை முறுக்கிக்கொண்டிருந்த கிழவர் நிறுத்தினார். தலையை ஒரு முறை ஆட்டினார்.

மஃப்னாஸ் பிலார் பக்கம் திரும்பினார். "இதைக் கேட்டதுக்கப்புறம் உங்க சாட்சியத்தை மாத்திக்க விரும்பறீங்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். இதோ எழுந்து ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று ரித்தா கைக்குட்டையைத் தயாராக எடுத்துவிட்டாள்.

"இல்லைங்க மேடம்," என்றாள் பிலார். "இன்னிக்குப் பேசிட்டார். எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. ஆனா எங்களுக்காக அவர் ஆணையத்துல பேசணும். பேசறாரான்னு பாத்துட்டு மாத்திக்கறேன்."

அறை முழுக்கச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் தொமாஸ்.

வெளியே வாகன நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. ஒரு தொலைக்காட்சிப் பெண் ரித்தாவைப் பிடித்துக்கொண்டு, மகள் இப்படிச் செய்ததைப் பற்றிக் குடும்பம் என்ன நினைக்கிறது என்று கேட்டாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன நினைக்கிறதா? பாத்தீங்கல்ல எப்படிப் பேசினா! ஒரு தாள் கையில இல்ல! எங்க வீட்டு ரத்தம். எழுதிக்கோங்க, நான் அவளோட அத்தை," என்றாள் ரித்தா.

பிலார் எங்கள் வண்டியருகே வந்து நின்றாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வண்டியின் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்கள்.

"உப்பு மேல வர்றதைப் பத்திச் சொன்னது சரிதான்," என்றார் அவர். "ஆனா அளவுக்கு மேல இறைச்சா மட்டும் இல்ல. கிணறு ரொம்ப ஆழமாப் போனாலும் வரும். அந்தக் கிணறு ரெண்டும் ஆழம் ஜாஸ்தி. அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும்."

"எழுத்துல சேத்து அனுப்பறேன்."

"அனுப்பு. குழு இன்னும் வாங்கிக்குது."

தனக்கு எதிரான சாட்சியத்தை வலுப்படுத்த வழி சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். நான் இருவரையும் வண்டிக்குள் தள்ளினேன். பசி வந்துவிட்டது, சோறு ஆறிக்கொண்டிருக்கிறது என்றேன். உண்மையில் அங்கேயே நின்றால் நான் அழுதுவிடுவேன் என்று பயம். மகிழ்ச்சியில் அழுதாலும் எனக்கு மூக்கு சிவந்து அசிங்கமாகிவிடும்.

சபையில் வாக்கெடுப்பு நடந்த நாளில் நௌட்டா எதிர்த்து வாக்களித்தார். அவருடைய ஆட்களும் எதிர்த்தார்கள். நியமனம் போயே போய்விட்டது என்று ரித்தா ஜெபமாலையை எடுத்தாள். அப்போது, தொடக்கத்திலிருந்தே தொமாஸை வேண்டாம் என்று சொல்லிவந்த எதிர்க்கட்சி செனட்டர்கள் ஒவ்வொருவராக ஆதரித்தார்கள். "விசாரணையைப் பாத்தேன்," என்று மட்டும் சொன்னார் ஒருவர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தொமாஸ் ஆணைய உறுப்பினர் ஆனார். மஃப்னாஸ் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "இப்பவாவது கெலாகென் குடுத்தனுப்பலாமா? இனிமே சட்டச் சிக்கல் இல்ல," என்றார். ஒரு பெரிய கிண்ணம் கொடுத்தனுப்பினேன்.

ஆணையத்தின் முதல் கூட்டத்துக்கு நானும் போனேன். ஒரு விடுதியைச் சேர்ந்தவர்கள் கூடுதலாகத் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டிருந்தார்கள். தலைவர், "எல்லாம் பரிசீலிச்சாச்சு, ஆட்சேபணை இல்லேன்னா முடிச்சிடலாம்," என்றார். கூட்டத்தை முடிக்கிற அவசரம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

"ஆட்சேபணை இருக்கு," என்றார் தொமாஸ்.

பக்கத்துக் கிணறுகளில் கோடைக்கால உப்பு அளவு எங்கே என்று கேட்டார். இல்லை என்றார்கள். ஏன் இல்லை என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. தலைவர் பொறுமையாகவும் பிறகு பொறுமை இல்லாமலும் விளக்கினார். வாக்கெடுப்பு நடந்தது. தொமாஸ் ஒருவர் மட்டும் எதிர்த்தார். அவர் "இல்லை" என்று சொன்னபோது குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அவர் தோற்றார். ஆனாலும் அளவு எடுக்காமல் இறைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க வைத்துவிட்டார்.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து பிலார் எழுந்தாள்.

"உறுப்பினர் கினேனே ரெண்டு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. மூணாவது கேள்வி கேக்கல. அளவை யார் எடுப்பாங்க? விடுதிக்காரங்களே எடுத்தா அதுல என்ன பிரயோஜனம்?"

தொமாஸ் தலைவரிடம் திரும்பி, "அதை அடுத்த கூட்டத்துக்கு நிகழ்ச்சிநிரல்ல சேக்கணும்னு கேட்டுக்கறேன்," என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் புதிதாகத் தீவுக்கு வந்தவள்போல. என் காதருகே குனிந்து கேட்டாள்.

"அந்தம்மாவுக்கும் அந்த ஆளுக்கும் ஏதாவது பழைய பகையா?"

"இல்லம்மா," என்றேன். "ரெண்டு பேரும் எங்க வீட்டு ஆளுங்க."